துரை கொடுத்த விளக்கும் திரெட் கேஜும்

பாகப்பிரிவினையில் நிலத்தைப் பிரிப்பது சுலபம். சர்வேயர் அளந்து கல் நட்டுவிட்டுப் போய்விடுவார். கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை என்று எழுதிக்கொள்ளலாம். பாத்திரத்தில்தான் வந்து இடிக்கும். அண்டா, தவலை, கொப்பரை எல்லாவற்றையும் எடை போட்டுப் பிரித்த பிறகும், அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வீட்டு அட்டாலிப் பரணிலிருந்து கடைசியாக இறங்கிய மேசை விளக்கு ஒன்று யார் கணக்கிலும் ஏறாமல் ஆசாரக் கூடத்தில் நின்றது.

ஊர் காங்கயத்துக்குப் பக்கம். பங்கு மூன்று: பெரிய மாமா, அம்மா, சித்தி. "இதையும் தராசுல வெச்சறலாம்" என்றார் மாமா. சித்தி ஒப்பவில்லை. "அது துரை குடுத்ததுங்ணா. அதைப் போயி அண்டாவோட சேத்து நிறுக்கறீங்களே!" அதற்குள் அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகன் படத்தைப் பார்த்துவிட்டு, அங்கே இதேபோல் ஒரு விளக்கை ஆயிரம் டாலருக்குப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு இணைப்பை அனுப்பிவிட்டான். அப்புறம் கேட்பானேன்.

"நீ பட்டறை வெச்சிருக்கறவன். இரும்பு பித்தளை தெரியும். பாத்துச் சொல்லு கண்ணு" என்று மாமா என் தலையில் கட்டினார்.

கோயமுத்தூர் கணபதியில் சின்ன லேத் பட்டறை எனக்கு. பம்ப் உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கிறேன். பழம்பொருள் நம் தொழில் இல்லை. ஆனால் விளக்கைக் கழற்றி மேசையில் பரப்பியதும் பாதி பயம் போய்விட்டது. ஒரு சாமான் எப்படிச் செய்யப்பட்டது, எங்கே பழுது பார்க்கப்பட்டது என்பதை அதன் மரையும் (திருகுப் புரி) மூட்டும் கடைசல் கோடும் காட்டிக் கொடுத்துவிடும். பூ வேலைப்பாட்டை எவனும் காப்பியடிப்பான்; உள்ளே இருக்கும் மரையைக் காப்பியடிக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

துரை கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பிச்சியின் அப்பா பருத்தி வியாபாரி. திருப்பூருக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகும் வழியில் முகாம் போட்டிருந்த கலெக்டர் துரைக்கு மாடு கொடுத்து உதவினாராம். துரை மனம் குளிர்ந்து கூடாரத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்கையே எடுத்துக் கொடுத்தாராம். சித்தி சொல்லும்போது துரையின் குதிரைக்கு நிறம்கூட உண்டு. காங்கயம் மாடு நடுவில் வருவதால் கதை நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஆனால் கொங்கில் சீமைச் சாமான் இருக்கிற வீட்டிலெல்லாம் ஒரு துரை இருப்பார். கடிகாரம் கொடுத்தவர், நாற்காலி கொடுத்தவர், துப்பாக்கி கொடுத்தவர். இத்தனையும் கொடுத்துவிட்டு அந்தத் துரைகள் வெறுங்கையோடுதான் கப்பல் ஏறியிருக்க வேண்டும்.

விளக்கின் உடம்பைச் சொல்கிறேன். கனமான வட்ட அடி, அதன் மேல் கடைசல் பிடித்த பித்தளைத் தண்டு, தண்டின் மேல் எண்ணெய்க் கிண்ணம், அதில் திருகி உட்கார்ந்து திரியைப் பிடித்திருக்கும் பர்னர், பர்னரின் நகங்களுக்குள் நிற்கும் கண்ணாடிச் சிம்னி. முதலில் காந்தம் வைத்துப் பார்த்தேன். தண்டிலும் கிண்ணத்திலும் ஒட்டவில்லை, அடியில் ஒட்டியது. உள்ளே வார்ப்பிரும்புத் தட்டு ஒன்றைப் பாரத்துக்காக வைத்து, மேலே பித்தளைத் தகட்டைப் போர்த்தியிருந்தார்கள். காந்தம் ஒட்டாவிட்டால் பித்தளை என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. துத்தநாக வார்ப்பில் செய்து பித்தளை முலாம் பூசிய விளக்குகளும் உண்டு, அவற்றிலும் காந்தம் ஒட்டாது. யார் கண்ணிலும் படாத உள்விளிம்பில் ஊசியால் மெல்லக் கீறினால் சாம்பல் நிறம் தெரிந்துவிடும். இங்கே மஞ்சளாகவே இருந்தது.

அடுத்தது திரியை ஏற்றி இறக்கும் திருகு. இந்த வகை விளக்குகளில் எழுத்து இருப்பது பெரும்பாலும் அங்கேதான். அதன் வட்டத் தலையில் படிந்த கரியை மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்ததும் 'காஸ்மாஸ் பிரென்னர்' என்ற ஜெர்மன் எழுத்துகள் தெரிந்தன, கூடவே 14 என்ற எண். காஸ்மாஸ் பர்னரை 1860-களில் கொண்டுவந்தது பெர்லினில் இருந்த வைல்ட் அண்டு வெஸ்ஸல் என்ற நிறுவனம். தட்டையான அகலத் திரியைக் கீழே நுழைத்தால், மேலே வரும்போது அதுவே குழல்போல் சுருண்டு வட்டமாக நிற்கும். வட்டத்தின் நடுவிலும் காற்று ஏறுவதால் சுடர் புகையாமல் வெள்ளையாக எரியும். உள்ளும் புறமும் காற்று கொடுக்கும் இந்த உத்தி 1780-களில் ஆர்கண்ட் என்ற சுவிஸ்காரர் கண்டது. சிம்னி அதற்குத் தகுந்தாற்போல் சுடருக்கு நேரே இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். அந்த ஒடுக்கம்தான் காற்றைச் சுடரோடு மோதவைக்கிறது. 14 என்பது பழைய பிரெஞ்சு 'லின்' அளவு. ஒரு லின் சுமார் 2.26 மி.மீ. இந்த அளவு பர்னருக்கு அடிவிட்டம் 53 மி.மீ. சுமாருக்கு உள்ள சிம்னி உட்காரும்.

ஆனால் திருகில் இருக்கும் பெயர் பர்னரின் பெயர், விளக்கின் பெயர் அல்ல. பர்னரை ஒருவன் செய்வான், தண்டை இன்னொருவன் செய்வான், கடைக்காரன் மூன்றாவதாகக் கிண்ணத்தை வாங்கிப் பூட்டி விற்பான். போதாக்குறைக்கு, காஸ்மாஸ் முறை பிரபலமானதும் ஜெர்மனியில் பல கம்பெனிகள் அதே பெயரில் பர்னர் போட்டன. அதனால் 'இது வைல்ட் அண்டு வெஸ்ஸல் விளக்கு' என்று நான் மாமாவிடம் சொல்ல முடியாது. ஜெர்மன் பர்னர் என்பது வரைக்கும்தான் உறுதி.

காலத்துக்கு வேறு ஒரு துப்பு. பர்னரின் அடிவிளிம்பில் 'மேட் இன் ஜெர்மனி' என்று பொடி எழுத்தில் அடித்திருந்தது. 1887-இல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் இந்த முத்திரை பரவலானது. இந்தியாவிலும் 1889-இல் அதே மாதிரி ஒரு சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது என்றால் பெரும்பாலும் 'மேற்கு ஜெர்மனி' என்று இருக்கும். 1914 முதல் 1918 வரை போரால் ஜெர்மன் சரக்கு இங்கே வரவில்லை. 1939-இல் மறுபடி நின்றது. ஆக, 1890-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ, 1914-க்கு முன்பு. இல்லையென்றால் இரண்டு போர்களுக்கும் இடைப்பட்ட காலம்.

இதற்குமேல் நகராமல் நின்ற கணக்கை நகர்த்தியது எண்ணெய்க் கிண்ணம். அதன் வேலைப்பாடு தண்டோடு ஒட்டவேயில்லை. தண்டில் கடைசல் கோடுகள் சீராக, வட்ட வட்டமாக ஓடுகின்றன. கிண்ணத்தில் கோடே கிடையாது; சாய்த்துப் பிடித்தால் சுத்தியல் தட்டிய சின்னச் சின்ன முகங்கள் மினுங்குகின்றன. அடிப்பக்கத்து மூட்டில் இரண்டு தகட்டின் ஓரத்தையும் பல் பல்லாக வெட்டிக் கோத்துப் பற்றவைத்திருந்தது. எனக்குச் சந்தேகம் வந்து அனுப்பர்பாளையத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்தில் பித்தளை, செம்புப் பாத்திரம் அடிப்பதுதான் பரம்பரைத் தொழில். இன்றும் சில தெருக்களில் தட்டும் சத்தம் கேட்கும். நான் போன பட்டறையில் ஒரு பெரியவர். கண்ணாடியைக்கூட எடுத்து மாட்டவில்லை. கிண்ணத்தின் வயிற்றில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "இது நம்ம பக்கத்து வேலைங் தம்பி" என்றார்.

"எப்படிங்க சொல்றீங்க?"

"சொம்பு அடிக்கறவன் அடிச்சது. கழுத்தை ஏத்துன தட்டு பாருங், சொம்புக்கு ஏத்தற மாதிரியேதான் ஏத்தியிருக்கறான். வெளக்குக்கு இந்த வளைவு வேணுங்கறதே இல்லீங்."

அவர் கையில் வைத்துத் திருப்பியபோதுதான் அடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தைப் பார்த்தோம். நம் வீடுகளில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுவார்களே, அதே மாதிரி. அப்பிச்சியின் அப்பாவுடைய இரண்டு எழுத்து, பக்கத்தில் 'ஸ்ரீமுக வரு.' என்று. தமிழ் ஆண்டு அறுபதுக்கு ஒருமுறை திரும்பும். ஸ்ரீமுக என்றால் 1873-74, அல்லது 1933-34, அல்லது 1993-94. முதலாவதற்கு அவர் பிறந்திருக்கவே இல்லை. கடைசி வருஷத்தில் விளக்கு அட்டாலியில் தூங்கிக்கொண்டிருந்தது. எனவே 1933-34. முதலில் இருந்த கிண்ணம் கண்ணாடியாக இருந்து உடைந்திருக்கலாம் என்பது என் ஊகம். அந்த மாதிரி விளக்குகளில் கண்ணாடிக் கிண்ணம் சாதாரணம். பர்னர் பிழைத்துக்கொண்டது, அதற்கு நம்மூர்க்காரர் ஒருவர் புதுக் கிண்ணம் அடித்துப் பொருத்தியிருக்கிறார். பர்னரின் மரைக்குச் சரியாக உள்மரை போட்டிருப்பதைப் பார்த்தபோது, தொழில்காரன் என்ற முறையில் எனக்குப் பொறாமைதான் வந்தது.

மூன்றாவது ஒரு கையும் இதில் பட்டிருக்கிறது. தண்டுக்குள் ஓடி எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் கம்பியை உருவி, மரையை அளக்கும் திரெட் கேஜை வைத்தால், அங்குலத்துக்கு 16 மரை, 55 டிகிரி கோணம். அதாவது எட்டில் மூன்று அங்குல விட்வொர்த் மரை, பழைய ஆங்கிலேய அளவு. மெட்ரிக் மரைக்குக் கோணம் 60 டிகிரி. இந்தியா மெட்ரிக் அளவைக்குச் சட்டம் போட்டது 1956-இல் என்றாலும், கோயமுத்தூர்ப் பட்டறைகளில் அங்குல மரை அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓடியது. இந்தக் கம்பி சாதா மைல்டு ஸ்டீல். அதன் சதுர நட்டை அரத்தால் ராவியிருக்கிறார்கள். துரு தட்டிப்போன பழைய கம்பியை எடுத்துவிட்டு யாரோ ஒரு லேத்துக்காரர் போட்டுக் கொடுத்தது.

சிம்னியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிம்னி உடையும், மாற்றுவார்கள். பழைய சிம்னி அப்படியே இருந்தால்தான் ஆச்சரியம். இதில் இருப்பதற்கு இடுப்பே இல்லை. அரிக்கேன் சிம்னி மாதிரி எதையோ வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அம்மா, "அது எப்பவும் பொகையடிச்சுக்கிட்டே இருக்குமே" என்று நினைவு வைத்திருக்கிறாள்.

மாமா பங்குக்குப் போன பெட்ரோமாக்ஸுக்கு இந்த ஆராய்ச்சியே தேவைப்படவில்லை. டேங்கிலேயே எல்லாம் அடித்திருக்கும். அதில் எனக்குப் பிடித்தது, சூடேறி ஒளிவிடும் மேண்டில் வலையின் கதைதான். ஆஸ்திரியாவின் அவுவர் என்ற வேதியியலார் உருவாக்கிய அந்த வலையில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. அந்தத் தோரியத்துக்கான மோனசைட் மணல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார், அதுவும் கயிற்று நாரோடு ஒட்டி வந்த மணலைப் பார்த்து. ஊர்த் திருவிழாவில் எரிந்த வெளிச்சத்துக்கும் குமரிக் கடற்கரைக்கும் அப்படி ஒரு தொடர்பு. பழைய மேண்டில் சாம்பலை மட்டும் ஊதித் துடைக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவைத்தேன். தோரியத்துக்குக் கொஞ்சம் கதிரியக்கம் உண்டு, மூச்சோடு உள்ளே போகக் கூடாது.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நான் தடுத்துவிட்டேன். புளியின் அமிலம் கறுப்பைக் கரைக்கும், கூடவே மேல்பரப்பின் துத்தநாகத்தையும் தின்னும். பித்தளை சிவந்து செம்புபோல் தெரிவது அதனால்தான். எழுத்தும் தேயும். சீமை விளக்குகளில் பலவற்றுக்குப் புதிதிலேயே ஒரு வார்னிஷ் பூச்சு உண்டு, அது போனால் போனதுதான்.

ஆனால் பழம்பொருள் புத்தகங்கள் சொல்லும் 'எதையும் தேய்க்காதே' விதியை நம் குத்துவிளக்குக்குப் பொருத்தக் கூடாது. வெள்ளிதோறும் தேய்த்துத் தேய்த்துத்தான் அது பழையதாகிறது. அப்பிச்சி வீட்டுக் குத்துவிளக்கின் அன்னத்துக்கு மூக்கும் கண்ணும் மழுங்கிவிட்டன; விரல் போகாத இறக்கையின் அடியில் மட்டும் வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. பழையது என்று விற்க அமிலத்தில் முக்கிய புதுவிளக்கில் இந்த வித்தியாசம் இராது. எல்லா இடமும் ஒரே சீராகக் கறுத்திருக்கும், மழுங்கல் இருந்தாலும் விரல் போகாத இடத்திலும் மழுங்கியிருக்கும். எனக்குத் தெரிந்து பூசை விளக்கைப் பார்க்க இதைவிட நல்ல சோதனை கிடையாது. தேய்மானத்தையே சான்றாக எடுக்க வேண்டிய இடத்தில், தேய்க்காதே என்று சொன்னால் என்ன அர்த்தம்?

உலோகத்தையும் பார்த்துவிடலாம் என்று ராஜ வீதியில் நகைக்கடை வைத்திருக்கும் நண்பனிடம் போனேன். தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் எக்ஸ்ரே எந்திரம் பித்தளையையும் படிக்கும், சுரண்ட வேண்டியதில்லை. தண்டில் ஈயம் கலந்திருந்தது, கிண்ணத்தில் ஏறக்குறைய இல்லை. வார்த்துக் கடைய ஈயம் சேர்த்தால் வேலை சுலபம். தட்டி ஏற்றும் தகட்டில் ஈயம் இருந்தால் வெடிக்கும். இரண்டும் இரண்டு கை என்று பெரியவரின் கட்டைவிரல் சொன்னதையே எந்திரமும் சொன்னது. துத்தநாகத்தின் அளவை வைத்து வயது கணிக்கும் ஐரோப்பிய வழக்கம் ஒன்று இருக்கிறது. முப்பது சதவீதத்துக்கு மேல் போனால் பிற்காலத்தது என்பார்கள். இந்தியாவில் அது செல்லாது. ராஜஸ்தானின் ஜாவரில் ஐரோப்பா கற்றுக்கொள்வதற்குப் பல நூற்றாண்டு முன்பே துத்தநாகத்தைக் காய்ச்சி வடித்திருக்கிறார்கள்.

சரி, விலை. முழு விளக்கு இரண்டு கிலோ நானூறு. அடியிலிருக்கும் இரும்பைக் கழித்தால் பித்தளை ஒன்றரைக் கிலோவைத் தாண்டிக் கொஞ்சம். பழைய பித்தளை எடுப்பவர் போட்ட கணக்கில் எண்ணூறு ரூபாய். பழம்பொருள் வாங்கி விற்கும் ஒருவர் நாலாயிரம் தருவதாகச் சொன்னார். அவர் கடையில் இதைவிட மட்டமான ஒன்றுக்குப் பன்னிரண்டாயிரம் என்று சீட்டு ஒட்டியிருந்தது. அதை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். வருஷக்கணக்கில் விற்காமல் நிற்கும் சரக்குக்கும் அவர்தானே வாடகை கட்டுகிறார். ரிசார்ட்டுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அலங்காரச் சாமான் தேடுகிறவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குத்தான் போகிறார்கள். அவர்களுக்கு விளக்கு ஜோடியாக வேண்டும், பளபளவென்று வேண்டும். எந்தக் கம்பெனி பர்னர் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை.

தம்பி அனுப்பிய ஆயிரம் டாலர் விளக்கையும் பார்த்தேன். பூ எழுதிய பீங்கான் கிண்ணம், செய்தவர் முத்திரையுள்ள தண்டு, பொருத்தமான பழைய கண்ணாடி நிழல்மூடி. அதற்கும் நம் விளக்குக்கும் பர்னர் மட்டும்தான் உறவு. அதுவும் ஆயிரம் என்பது கேட்ட விலை. யாரும் என்ன விலையும் கேட்கலாம். விற்று முடிந்த பட்டியலைத் தனியாக எடுத்துப் பார்த்தால், சாதாரணப் பித்தளை காஸ்மாஸ் விளக்குகள் அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் போயிருந்தன. அவையும் மாற்றுப் பாகம் இல்லாதவை.

இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். சேகரிப்பவர்களின் கணக்கில் நம் விளக்கு ஒரு ஒட்டுப்போட்ட சாமான். ஒவ்வொரு மாற்றுப் பாகத்துக்கும் விலை இறங்கும். அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரி. ஆனால் ஐரோப்பாவில் கரண்டு வந்ததும் பெட்டிக்குள் போன விளக்குதான் பாகம் மாறாமல் மிஞ்சியிருக்கிறது. நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில் கோயமுத்தூர் மில்களை ஓட்டத் தொடங்கிவிட்டது. அதே ஸ்ரீமுக வருஷத்தில் காங்கயம் பக்கத்தில் ஒருவர் சீமெண்ணெய் விளக்குக்குப் புதுக் கிண்ணம் அடிக்கச் சொல்லியிருக்கிறார். அம்மா பள்ளிக்கூடம் படித்ததும் இந்த வெளிச்சத்தில்தான். இத்தனை நாள் எரிந்த விளக்கு எப்படி மாற்றுப் பாகம் இல்லாமல் இருக்கும்? எனக்கு அந்தக் கிண்ணம்தான் விளக்கிலேயே மதிப்பான பாகம். பெயர், ஆண்டு, ஊர் வேலை மூன்றும் அதில்தான் இருக்கிறது. சந்தை அதைத்தான் குறையாக எழுதுகிறது.

தம்பி விடவில்லை. அடுத்த முறை வரும்போது பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்றான். அது அவ்வளவு லேசு இல்லை. 1972-இல் இயற்றி 1976-இல் நடைமுறைக்கு வந்த தொன்மைப் பொருள்கள் சட்டப்படி, நூறு ஆண்டைத் தாண்டிய கைவினைப் பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. பழையதுபோல் தெரியும் பொருளை விமான நிலையத்தில் நிறுத்தினால், அது தொன்மைப் பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழைக் காட்ட வேண்டும். இந்த விளக்கில் கிண்ணத்துக்கு நூறு ஆகவில்லை, பர்னருக்கு ஆகியிருக்கலாம். பாதி தொன்மை, பாதி இல்லை என்று எந்த அதிகாரி எழுதித் தருவார்? வீட்டில் வைத்துக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. சாதாரண விளக்கைப் பதிவு செய்யவும் வேண்டியதில்லை. பாவை விளக்கு மாதிரி உலோகச் சிற்பமாகக் கருதக்கூடியது உங்கள் வீட்டில் இருந்தால் விஷயம் வேறு. தொல்லியல் துறையின் பதிவு அதிகாரியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நான் கொடுத்த காகிதத்தில் ஐயாயிரம் என்று போட்டிருந்தேன். எடைக்காரர் விலைக்கும் கடைச் சீட்டுக்கும் நடுவில், இன்றைக்கு உள்ளூரில் கொடுக்கவும் வாங்கவும் மனம் ஒப்புகிற தொகை. கூடவே எந்தப் பாகம் எந்தக் காலம் என்றும் எழுதிவைத்தேன். மாமா இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்ப தொரை?" என்றார். பர்னரில் துரை பெயர் இல்லை என்றேன். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விளக்கு அம்மாவுக்கு என்றும், ஈடாக அம்மா பங்கின் செம்புத் தவலை ஒன்று சித்திக்கு என்றும், மாமாவுக்கு ரொக்கம் என்றும் பேசி முடித்தார்கள்.

இப்போது எரிய வைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. இடுப்பு ஒடுங்கிய 14 லின் சிம்னியை வெளியூரிலிருந்து தருவிக்க ஏற்பாடு செய்துவிட்டேன். திரிதான் பாக்கி. ஏழு சென்டிமீட்டரை ஒட்டிய அகலத்தில், தளர நெய்த சுத்தப் பருத்தி நாடா வேண்டும்; பாலியெஸ்டர் கலந்தால் எண்ணெய் ஏறாது, உருகும். திருப்பூரில் பனியனுக்கு நாடா நெய்யும் ஒருவரிடம் பழைய திரித் துண்டைக் காட்டினேன். நூல் எண்ணிக்கையை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டுத் தரலாம் என்றார். ஆனால் தறியில் ஏற்றினால் குறைந்தது நூறு மீட்டர் ஓட்டினால்தான் கட்டுபடியாகுமாம். எனக்கு வேண்டியது ஒரு முழம். அட்டாலியில் 14 லின் பர்னர் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம்.